ஒப்பீட்டு நன்மை: வாணிகத்தால் நாடுகள் அடையும் பயன்

(நம் அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், பொருளியல் கருத்து ஒன்றை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டுமென்று பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். அறநூல்களில் தோய்ந்த சான்றோர் பேசிய மேடையில் வாணிகத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று முதலில் தயங்கினேன். ஆயினும் இந்த அவையில் உழவர்கள் இருக்கிறார்கள், வணிகர்கள் இருக்கிறார்கள், அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கிறார்கள். நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகம் நம் அனைவரின் வாழ்வையும் தொடுகிறது. ஆகவே அதன் அடிப்படையை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தருமென்று துணிந்து பேச வந்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. “ஐயா, ஒரு நாடு எல்லாப் பொருள்களையும் திறமையாகச் செய்கிறது. மற்றொரு நாடு எல்லாவற்றிலும் பின்தங்கியிருக்கிறது. அப்படியானால் பின்தங்கிய நாடு எதைத்தான் விற்க முடியும்? முன்னேறிய நாடு அதனிடம் எதற்காக வாங்க வேண்டும்?” நியாயமான வினா. இதற்கான விடையை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் டேவிட் ரிகார்டோ என்ற ஆங்கிலேய அறிஞர் கண்டறிந்தார். அந்த விடைக்குத்தான் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு என்று பெயர்.

நாடுகளின் கணக்குக்குப் போகுமுன் நம் விழாக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். விழா வேலைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, வரவு செலவுக் கணக்கு எழுதுவது. மற்றொன்று, அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதுவது. அனுபவம் மிக்க பெரியவர் ஒருவர், புதிதாகத் தொண்டுக்கு வந்த இளைஞர் ஒருவர் என இருவர் இருக்கிறார்கள். பெரியவர் ஒரு பக்கக் கணக்கை 1 மணி நேரத்திலும், 100 முகவரிகளை 2 மணி நேரத்திலும் எழுதிவிடுவார். இளைஞருக்கு ஒரு பக்கக் கணக்குக்கு 4 மணி நேரமும், 100 முகவரிகளுக்கு 3 மணி நேரமும் ஆகும் என்று கொள்வோம். இரண்டு வேலையிலும் பெரியவரே திறமையானவர் என்பது வெளிப்படை.

முடிக்க வேண்டியவை 4 பக்கக் கணக்கும் 400 முகவரிகளும். இருவரும் இரண்டு வேலையிலும் பாதிப் பாதியைப் பகிர்ந்துகொண்டால் பெரியவருக்கு 6 மணி நேரமும் இளைஞருக்கு 14 மணி நேரமும் பிடிக்கும். அதற்கு மாறாக, கணக்கு முழுவதையும் பெரியவரும், முகவரி முழுவதையும் இளைஞரும் எழுதினால் என்ன ஆகும்? பெரியவருக்கு 4 மணி நேரம். இளைஞருக்கு 12 மணி நேரம். இருவருக்கும் ஆளுக்கு 2 மணி நேரம் மிச்சம். யாருடைய திறமையும் கூடவில்லை. யாரும் விரைந்து எழுதவில்லை. வேலையைப் பங்கிட்ட முறை மாறியது, அவ்வளவே.

இதன் உட்பொருள் யாது? பெரியவர் 100 முகவரி எழுத உட்கார்ந்தால் அந்த 2 மணி நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய 2 பக்கக் கணக்கை இழக்கிறார். இளைஞரோ அதே 100 முகவரிக்காக முக்கால் பக்கக் கணக்கை மட்டுமே இழக்கிறார். ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடும் மற்றொன்றைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பர். முகவரி எழுதுவதில் இளைஞரின் வாய்ப்புச் செலவு குறைவு. ஆகவே அதில் அவருக்கு ஒப்பீட்டு நன்மை உண்டு. “யார் திறமையானவர்?” என்பதைவிட “யார் குறைவாக இழக்கிறார்?” என்று கேட்பதே சரியான கேள்வி. இவ்வொரு வாக்கியத்தை நினைவில் நிறுத்திக்கொண்டால் கோட்பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இனி ரிகார்டோவிடம் வருவோம். அவர் 1772-இல் இலண்டனில் பிறந்தார். போர்ச்சுகலைப் பூர்விகமாகக் கொண்ட யூதக் குடும்பம் அவருடையது. பதினான்காம் வயதிலேயே தந்தையுடன் பங்குச் சந்தைத் தொழிலில் இறங்கிப் பெரும் செல்வம் ஈட்டினார். 1799-இல் ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலைப் படிக்க நேர்ந்தது; அது முதல் அவர் சிந்தனை பொருளியலின்பால் திரும்பியது. 1776-இல் வெளிவந்த அந்நூலில் ஸ்மித், ஒரு பொருளை நம்மைவிட மலிவாகச் செய்யும் நாட்டிடமிருந்து அதை வாங்குவதே அறிவுடைமை என்று கூறியிருந்தார். ஆயினும் ஒரு நாடு எல்லாவற்றையுமே மலிவாகச் செய்தால் என்ன ஆகும் என்ற வினா எஞ்சி நின்றது. அதற்கு ரிகார்டோ 1817-இல் வெளியிட்ட தம் நூலில் இங்கிலாந்தையும் போர்ச்சுகலையும் எடுத்துக்காட்டாக வைத்து விடை கூறினார்.

அவருடைய கணக்கு இது. ஒரு குறிப்பிட்ட அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓர் ஆண்டுக்கு 100 பேரின் உழைப்பு வேண்டும். குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய 120 பேரின் உழைப்பு வேண்டும். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர் போதும். அதே மதுவுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்ச்சுகலே திறமையான நாடு. மதுவை எடுத்துக்காட்டாக்கியது ரிகார்டோவின் தெரிவு. நம் அவையோர் அதன் இடத்தில் எண்ணெய் என்றோ வெல்லம் என்றோ வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

வாணிகம் இல்லையெனில் ஒவ்வொரு நாடும் இரண்டு பொருளையும் தானே செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துக்கு 220 பேரின் உழைப்பும், போர்ச்சுகலுக்கு 170 பேரின் உழைப்பும் செலவாகும். இப்போது இங்கிலாந்து துணியை மட்டும் இருமடங்காக நெய்கிறது. 200 பேர் போதும். போர்ச்சுகல் மதுவை மட்டும் இருமடங்காகச் செய்கிறது. 160 பேர் போதும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் முன்பு கிடைத்த அதே பொருள்கள் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் 20 பேரின் உழைப்பும் போர்ச்சுகலில் 10 பேரின் உழைப்பும் மிச்சமாகின்றன. அந்த உழைப்பைக் கொண்டு வேறு பொருள் செய்யலாம், ஓய்வும் கொள்ளலாம்.

“கடைக்காரர் இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லையே, விலையைத்தானே பார்க்கிறார்?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. இரு நாட்டிலும் கூலி ஒன்றாக இருந்தால் இரண்டு பொருளும் போர்ச்சுகலில்தான் மலிவு. அனைவரும் அங்கேயே வாங்குவர். அப்போது இங்கிலாந்தின் தங்கம் போர்ச்சுகலுக்குப் பெயரும். பணம் பெருகிய நாட்டில் விலையும் கூலியும் ஏறும். பணம் குறைந்த நாட்டில் இறங்கும். மேற்கண்ட எண்களின்படி இங்கிலாந்தின் கூலி, போர்ச்சுகல் கூலியில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே வந்தவுடன் ஆங்கிலத் துணி மலிவாகிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேலிருக்கும் வரை போர்ச்சுகலின் மது மலிவாகவே இருக்கும். இவ்விரு எல்லைகளுக்கு இடையில் கூலி நின்றுவிட்டால் வாணிகம் இருபுறமும் நடக்கும். இக்காலத்தில் தங்கத்தின் வேலையை நாணய மாற்று விகிதம் செய்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. எதிலும் முதலிடம் பெறாத நாட்டுக்கும் உலகச் சந்தையில் விற்பதற்கு ஏதேனும் ஒன்று எப்போதும் உண்டு. இது முதலாவது. உழைப்பின் விளைதிறன் குறைந்த நாட்டில் கூலியும் குறைவாகவே இருக்கும். அக்கூலி உயர வேண்டுமாயின் கல்வியாலும் கருவியாலும் விளைதிறன் உயர வேண்டும். இது இரண்டாவது. வாணிகம் ஏழை நாட்டுக்கு வாசலைத் திறந்துவிடும். நடந்து செல்வது அந்நாட்டின் கால்கள்தாம்.

எழுத்தில் அழகாக இருக்கும் கணக்கு உலகில் மெய்யாக நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஜப்பான் நாட்டின் வரலாறு அரிய சான்றாக அமைந்துள்ளது.

1639 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பான் உலக வாணிகத்திலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியிருந்தது. நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரரும் சீனரும் செய்த மிகச் சிறு வாணிகமும், அண்டைப் பகுதிகளோடு நடந்த சிறு கொடுக்கல் வாங்கலுமே எஞ்சியிருந்தன. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களுடன் வந்து நின்றார். அதன் பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படி 1859-இல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோடேட் ஆகிய துறைமுகங்கள் வாணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. இறக்குமதி வரியை உயர்த்தும் உரிமைகூட அந்நாட்டுக்கு இல்லை. 1866-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி பெரும்பாலான பொருள்களுக்கு வரி 5 விழுக்காட்டளவில் கட்டுப்படுத்தப்பட்டது. மூடியிருந்த ஒரு நாடு சில ஆண்டுகளுக்குள் முற்றும் திறந்துவிடப்பட்ட நிகழ்ச்சி இது.

திறப்பதற்கு முன்பு ஜப்பானில் எந்தெந்தப் பொருள் என்ன விலை விற்றது என்ற குறிப்புகள் கிடைத்துள்ளன. அவற்றைக் கொண்டு டேனியல் பெர்ன்ஹோஃபன், ஜான் பிரவுன் என்ற இரு பொருளியலறிஞர்கள் 2004-இலும் 2005-இலும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். முன்பு உள்நாட்டில் மலிவாக இருந்த கச்சாப் பட்டும் தேயிலையும் போன்ற பொருள்களை ஜப்பான் ஏற்றுமதி செய்தது. உள்நாட்டில் விலை மிகுந்திருந்த பொருள்களை இறக்குமதி செய்தது. மொத்தத்தில் கோட்பாடு சொன்ன திசையிலேயே வாணிகம் நடந்தது என்பது அவர்களின் முதல் முடிவு. அதனால் நாட்டுக்குக் கிடைத்த ஆதாயம் தேசிய வருமானத்தில் மிகுதியாகப் பார்த்தால் 8 அல்லது 9 விழுக்காடு என்பது இரண்டாம் முடிவு.

இவ்வெண்ணை நாம் நிதானமாக நோக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஆதாயம் சிறியதன்று. ஒரு குடும்பத்தின் வருமானம் அந்த அளவு கூடினால் பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு வழி பிறக்கும். ஆனால் வாணிகம் திறந்துவிட்டாலே வறுமை ஒழிந்துவிடும் என்பார் கூற்றுக்கும் அவ்வெண் இடந்தரவில்லை. வாணிகத்தின் நன்மை மெய்யானது, அளவுடையது.

அந்த நன்மை எல்லோருக்கும் சமமாகச் சென்றதா என்பதே நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்தி. இல்லை என்பதுதான் விடை. அக்காலத்தில் பிரான்சிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோய் தாக்கியிருந்ததால் ஐரோப்பாவில் ஜப்பானியப் பட்டுக்குப் பெரும் தேவை இருந்தது. பட்டு வளர்த்த மலைநாட்டு உழவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அதே விலையேற்றம் கியோட்டோ நகரின் நிஷிஜின் பகுதி நெசவாளர்களுக்கு இடியாக இறங்கியது. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்து வாழ்ந்த அவர்களுக்கு நூல் கிடைப்பதே அரிதாயிற்று, தறிகள் ஓய்ந்தன. 1860-இல் அரசு, பட்டு உள்ளிட்ட ஐந்து வகைப் பொருள்கள் தலைநகர வணிகர் வழியாகவே துறைமுகத்துக்குச் செல்ல வேண்டுமென்று ஆணையிட்டும் ஏற்றுமதியின் வேகத்தைத் தடுக்க முடியவில்லை. வெளிநாட்டு ஆலை நூல் வந்திறங்கியதும் வீட்டில் பருத்தி நூற்ற பெண்களின் வருவாயும் சுருங்கியது.

நாட்டின் மொத்தக் கணக்கில் ஆதாயம். நெசவாளியின் வீட்டுக் கணக்கில் இழப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆதாயம் இழப்பைவிடப் பெரிது என்றுதான் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு உறுதி கூறுகிறது. பெற்றவர் இழந்தவருக்கு ஈடு செய்த பின்பும் மிச்சம் இருக்கும் என்பது அதன் பொருள். ஈடு செய்வார் என்று அது கூறவில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள். சட்டத்தாலும், வரியாலும், தொழிற்பயிற்சியாலும், நம்மைப் போன்றோர் நடத்தும் அறக்கட்டளைகளாலும் செய்ய வேண்டியது அது. நெசவாளியிடம் சென்று “நாடு முன்னேறுகிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது அறிவும் ஆகாது, அறமும் ஆகாது.

பட்டு என்ற சொல்லை இந்த அவையில் நான் எளிதாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவைக் கொன்றே பெரும்பாலான பட்டு நூல் எடுக்கப்படுகிறது. யோகோஹாமாவின் விலைப் பட்டியலில் அந்த உயிர்களுக்கு விலை எழுதப்படவில்லை. ஆலைகளில் நெடுநேரம் கொதிநீரில் கைவிட்டு நூலெடுத்த இளம்பெண்களின் உடல்நலமும் அதில் முழுமையாக எழுதப்படவில்லை. 1886-இல் கோஃபு நகரின் பட்டு ஆலையொன்றில் பெண் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள் என்பது வரலாறு. விலையில் சேராத செலவைக் கோட்பாடு காணாது. ஆற்று நீர் கெடுவதும் காற்று மாசடைவதும் அவ்வாறே. ஆகவே ஒரு பொருள் மலிவாக வந்தால், அதன் செலவில் எதை யார் ஏற்றார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். உயிர்க்கு ஊறு நேராத வாழ்வை நாடும் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதியதன்று.

ஒப்பீட்டு நன்மை தலையெழுத்தும் அன்று. இன்று பட்டு விற்கும் நாடு என்றும் பட்டே விற்க வேண்டுமென்ற விதி இல்லை. ஜப்பானியர் 1872-இல் டொமியோகா என்ற ஊரில் பிரெஞ்சு வல்லுநரைக் கொண்டு மாதிரிப் பட்டு ஆலை ஒன்றை நிறுவினார்கள். அங்கே பயின்ற பெண்கள் தத்தம் பகுதிகளுக்குத் திரும்பிப் பிற ஆலைகளில் அத்தொழிலைக் கற்பித்தார்கள். 1882-இல் ஒசாகாவில் பெரிய பருத்தி நூற்பாலை நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1893-இல் பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே ஜப்பானியக் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. அதற்கு ஜாம்ஷெட்ஜி டாட்டா துணைநின்றார். இந்தியப் பருத்தி அவ்வழியே ஜப்பானிய ஆலைகளுக்குச் சென்றது. அந்நிய நூலால் நலிந்த அதே நாட்டில், 1897-ஆம் ஆண்டு நூல் ஏற்றுமதி நூல் இறக்குமதியை விஞ்சியது. வரியால் வேலியிட முடியாத நிலையிலும் கல்வியால் அவர்கள் தம் நிலையை மாற்றிக்கொண்டார்கள். புதிய தொழில் வேரூன்றும் வரை அதற்குச் சிறிது காலம் பாதுகாப்பு வேண்டுமென்று ஃபிரீட்ரிக் லிஸ்ட் 1841-இல் வாதிட்டார். எவ்வளவு காலம், எந்தத் தொழிலுக்கு என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கற்றுக்கொள்ளாத நாடு முன்னேறாது என்பதில் வேறுபாடு இல்லை.

நிறைவாக ரிகார்டோவின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகள். 1815-இல் இங்கிலாந்து அயல்நாட்டுத் தானியம் மலிவாக வருவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. தானிய விலை உயர்ந்தால் நில உரிமையாளருக்கு ஆதாயம். ரொட்டி வாங்கும் தொழிலாளிக்கு இழப்பு. அப்போது ரிகார்டோவே பெரும் நிலவுடைமையாளர். இருந்தும் தம் வருமானத்துக்கு எதிராக அச்சட்டத்தை எதிர்த்து எழுதினார். 1819 முதல் நாடாளுமன்றத்திலும் பேசினார். அவர் 1823-இல் மறைந்தார். சட்டம் நீக்கப்பட்டது 1846-இல்தான்.

இரண்டாவது செய்தி இன்னும் பெரிது. இயந்திரங்கள் எல்லா வகுப்பினருக்கும் நன்மையே தரும் என்று அவர் முன்பு கருதியிருந்தார். 1821-இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் புதிய இயல் ஒன்றைச் சேர்த்து, இயந்திரத்தால் தொழிலாளர்க்குத் தீங்கு நேரவும் கூடும் என்று எழுதி, தம் முந்தைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவர் “நான் தவறாக எண்ணியிருந்தேன்” என்று ஒப்புக்கொள்வது எளிதன்று.

இளைஞர்களுக்கு ஒரு சொல். “நான் எதிலும் முதல்வன் அல்லன்” என்று சோர்ந்திருப்போர் உங்களில் இருக்கலாம். விழா வேலையில் அந்த இளைஞர் எதிலும் முதல்வர் அல்லர். ஆயினும் அவர் முகவரி எழுதியதால்தான் பெரியவர் கணக்கை முடித்தார். உலகில் ஒவ்வொருவர் உழைப்புக்கும் இடம் உண்டு என்பதைக் கணக்கால் மெய்ப்பித்தது ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு. அந்த இளைஞர் நாளை கணக்கெழுதவும் கற்றுக்கொள்வார். பெரியவர் கற்பிக்க வேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாணிகத்தால் நம் குடும்பங்களில் பலர் பெற்றிருக்கிறோம். அதே மாற்றத்தால் இழந்தவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சந்தை விலை வீழ்ந்து கடன்பட்ட உழவர், வேலை ஓய்ந்த கைத்தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது பெற்றவர்களின் கடமை. நம் அறக்கட்டளை வழங்கும் கல்வி உதவியில் அப்பிள்ளைகளையும் நினைவிற் கொள்ளுங்கள். அப்போதுதான் ரிகார்டோவின் கணக்கு முழுமை பெறும்.